8 வயதுப் பையனுக்கு ஏடிபிகல் ஹெச்யுஎஸ் என்கிறார்கள், அனுபவம் உள்ளவர்கள் பேசுங்கள்

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம். பையனுக்கு 8 வயது, அதுவரை ஊசி போட்டதே தடுப்பூசிக்கு மட்டும்தான். மூன்று வாரத்துக்கு முன் இரண்டு நாள் காய்ச்சல், வாந்தி. அப்புறம் முகம் வெளிறிப்போய் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. காமாலை என்று நினைத்து கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தோம், அதில் இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது, அளவும் குறைந்தது, காலையில் எழுந்தால் இமை இரண்டும் வீங்கியிருந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் தட்டணுக்கள் 32,000. டெங்கு சீசன், டெங்கு என்றே முடிவு பண்ணி ஒரு பை பிளேட்லெட்டும் ஏற்றிவிட்டார்கள். டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். ஹீமோகுளோபின் 5.8, கிட்னி கெட்டால் ஏறுகிற கிரியேட்டினின் 4.6 என்று வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே ஒரு டாக்டரம்மா ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு சிவப்பணுக்கள் உடைந்து உடைந்து கிடக்கின்றன என்றார். அன்று ராத்திரியே டயாலிசிஸ். மறுநாள் காலையில் பிளாஸ்மா மாற்று, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டுக் கொடையாளிகளின் பிளாஸ்மாவை ஏற்றுவது, ஆரம்பித்தார்கள், அதற்கு முன்னால் மூன்று குழாயில் ரத்தம் எடுத்து வைத்தார்கள், ஒன்று டெல்லிக்குப் போயிருக்கிறது. இதுவரை ஆறு முறை பிளாஸ்மா மாற்றியாகிவிட்டது. தட்டணுக்கள் 1,10,000, கிரியேட்டினின் 1.9, சிறுநீர் கொஞ்சம் போகிறான்.

என் மைத்துனன் இணையத்தில் எகுலிசுமாப் என்ற மருந்தைப் படித்துவிட்டு, அது இல்லாவிட்டால் கிட்னி போய்விடும் என்று நிதி திரட்டும் பக்கம் ஒன்று ஆரம்பித்திருக்கிறான். வீட்டை விற்றாலும் ஒரு வருஷத்துக்குக் காணாது. இதைத் தவிர வழியே இல்லையா? இது பரம்பரை வியாதியா? எனக்கு 4 வயதில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். ராத்திரி தூங்க முடியவில்லை.

பிஞ்சுக்கிட்னி:
சார், நான் குழந்தைகள் சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கிற டாக்டர். உங்கள் பையனைப் பார்க்காமல் எழுதுகிறேன், உங்கள் டாக்டர் சொல்வதுதான் முதலில். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாமே சரியாக நடந்திருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

ஏடிபிகல் ஹெச்யுஎஸ் என்பது காம்ப்ளிமென்ட் கட்டுப்பாடு தப்பிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்கும் நோய். காம்ப்ளிமென்ட் என்பது ரத்தத்தில் ஓடும் காவல் புரதங்களின் கூட்டம். கிருமி வந்தால் அதன் மேல் ஒட்டி ஓட்டை போடும். அதில் சி3 என்ற புரதம் கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிறு தீயில் வைத்த பால் மாதிரி எப்போதும் சூடாகவே இருக்கும். அது பொங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிற கை ஒன்று இருக்கிறது, ஃபேக்டர் ஹெச் என்று பெயர், கல்லீரலில் உருவாவது. அந்தக் கை வேலை செய்யாவிட்டால் பொங்கியது நம் ரத்தக் குழாயின் உள்சுவர் மேலேயே விழும். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள்தான் முதலில் மாட்டும். சுவர் புண்ணாகி அங்கங்கே சின்னச் சின்னக் கட்டிகள் உறையும், தட்டணுக்கள் அதில் செலவாகிவிடும், அந்த இடுக்கில் நுழைந்து போகும் சிவப்பணுக்கள் கிழியும். மஞ்சள், கடுங்காப்பிச் சிறுநீர், தட்டணு இறக்கம், கிரியேட்டினின் ஏற்றம் நான்கும் ஒரே இடத்தில் இருந்து வந்தவை. கல்லீரலில் கோளாறு இல்லை, அதனால்தான் கீழாநெல்லிக்கு அங்கே வேலை இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். ஃபேக்டர் ஹெச் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, ஜீனிலேயே பிழை. இன்னொன்று, புரதம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உடம்பே அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்து அதைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. ஐரோப்பாவில் இந்த இரண்டாவது வகை ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. இந்தியாவில் கதையே வேறு. இந்த நோய் வந்த நம் நாட்டுக் குழந்தைகள் 781 பேரைச் சேர்த்துப் பார்த்த பதிவேட்டில் 436 பேருக்கு இந்த ஆன்டிபாடி இருந்தது, அதாவது பாதிக்கும் மேல். பள்ளிக்கூட வயதில், காய்ச்சல் வாந்திக்குப் பிறகு வருவது என்றால் எங்களுக்கு முதல் சந்தேகம் இதுதான். டெல்லிக்குப் போன குழாய் அதற்காகத்தான் இருக்கும்.

அந்த ரிசல்ட் பாசிட்டிவ் என்றால் வைத்தியம் நம் ஊரிலேயே இருக்கிறது. பிளாஸ்மா மாற்று அந்த ஆன்டிபாடியை வெளியே எடுத்துவிட்டு நல்ல ஃபேக்டர் ஹெச்சை உள்ளே கொடுக்கும், மாத்திரைகள் மறுபடி ஆன்டிபாடி உருவாகாமல் தடுக்கும். மைத்துனரிடம் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

தேம்ஸ்கரை:
அண்ணா, நான் யாழ்ப்பாணம், இப்போது இங்கிலாந்தில். டாக்டர் சொல்வதை மறுக்க வரவில்லை, ஆனால் என் அனுபவத்தையும் வைக்கிறேன், ஏனென்றால் "நிறுத்தி வையுங்கள்" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

இரண்டாவது பிள்ளை பிறந்து இரண்டாம் நாள் எனக்கு பிரஷர் ஏறி, தட்டணு இறங்கி, மூத்திரம் நின்றுவிட்டது. பிரசவத்தோடு வருகிற ஹெல்ப் (HELLP) என்ற நோய் என்று சொன்னார்கள். அது வழக்கமாகப் பிள்ளை பிறந்து மூன்று நாளுக்குள் இறங்கத் தொடங்கவேணும். எனக்கு ஏறிக்கொண்டே போனது. ஐந்து நாள் பிளாஸ்மா மாற்றினார்கள், ஒன்றும் அசையவில்லை. பிறகு நியூகாசிலில் இதற்கென்றே இருக்கிற தேசிய மையத்தோடு கதைத்து, காம்ப்ளிமென்டை அடைக்கிற எகுலிசுமாப் ஏற்றினார்கள். ஒரு கிழமையில் தட்டணு ஏறியது, மூன்று மாதத்தில் டயாலிசிஸ் விட்டது. பிறகு ஜீன் பார்த்தபோது ஃபேக்டர் ஹெச் ஜீனிலேயே பிழை. இங்கே 2015 முதல் அரசாங்கமே செலவை ஏற்கிறது, அது என் அதிர்ஷ்டம். ஒருநாள் பிந்தினாலும் கிட்னியில் வடு கூடும் என்று எனக்குச் சொன்னவர்கள். அதனால்தான் பெடியனுக்கும் கெதியாகக் கிடைக்கவேணும் என்று மனம் கிடந்து அடிக்கிறது.

பிஞ்சுக்கிட்னி:
அக்கா, நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உங்கள் விஷயத்தில் சரி. ஜீன் பிழை உள்ளவர்களுக்கு பிளாஸ்மா பல நேரம் போதாது. மருந்து கையில் இருந்தால் முதல் நாளே கொடுப்பதில் எனக்கும் சம்மதம்தான். 2011இல் அமெரிக்கா இந்த நோய்க்கு அனுமதி கொடுத்த நாளில் இருந்து அது எத்தனையோ பேரின் கிட்னியைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் இங்கே நேரம் என்பதை வேறு மாதிரி எண்ண வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் வருஷச் செலவு 5 லட்சம் டாலருக்கு மேல் என்று விலை போட்ட மருந்து அது. 2024இல் அமெரிக்காவில் இரண்டு பயோசிமிலர்களுக்கு, அதாவது அதே மாதிரி வேறு கம்பெனிகள் செய்யும் மருந்துகளுக்கு, அனுமதி கிடைத்திருக்கிறது, விலை இறங்கும் என்று நானும் எதிர்பார்க்கிறேன். ஆனால் அதற்குப் பணம் சேரும் வரை குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதே ராத்திரி அதே கட்டடத்தில் பிளாஸ்மா மாற்று செய்ய முடிந்திருக்கும். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். இந்தப் பையனுக்கு பிளாஸ்மா கேட்கிறது, ஆறு முறையில் 4.6 என்பது 1.9 ஆகியிருக்கிறது. டயாலிசிஸும் கொஞ்சம் இறக்கியிருக்கும் என்பது தெரியும், ஆனால் தட்டணுவை டயாலிசிஸ் ஏற்றாது.

தேம்ஸ்கரை:
விளங்குது. தட்டணு ஏறினதை நான் கவனிக்கவில்லை. எனக்கு அது ஐந்து நாளும் அசையவே இல்லை. அண்ணா, மனதைக் குழப்பியிருந்தால் மன்னியுங்கோ.

தாளடி:
நான் தஞ்சாவூர் பக்கம். என் மகளுக்கு 6 வயதில் வந்தது, இப்போது 10 வயது, ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், சைக்கிள் ஓட்டுகிறாள். தம்பி, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு ஆன்டிபாடி 9,000த்துக்கு மேல். 150க்கு மேல் இருந்தாலே பாசிட்டிவ் என்பார்கள் அந்த லேபில், அப்படியானால் கணக்குப் பாருங்கள். கழுத்தில் குழாய் போட்டு முதலில் தினமும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் இரண்டு என்று மொத்தம் இருபதுக்கு மேல் பிளாஸ்மா மாற்று. ஒவ்வொரு முறையும் அத்தனை பை பிளாஸ்மா வேண்டும், ரத்த வங்கிக்கு அலைந்தே என் வீட்டுக்காரர் இளைத்துவிட்டார். நடுவில் உதடு மரத்துப்போகிறது, விரல் குறுகுறுக்கிறது என்று அழுவாள். பிளாஸ்மாவில் கலந்திருக்கிற சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது, கால்சியம் கொடுத்தால் போய்விடும். உங்கள் பையன் அப்படிச் சொன்னால் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள், சமாளிக்கட்டும் என்று விடாதீர்கள். உடம்பு முழுக்கத் தடிப்பும் ஒருமுறை வந்தது.

அதோடு ஆன்டிபாடியை அடக்க ஸ்டீராய்டு, மாதம் ஒன்று வீதம் சைக்ளோபாஸ்ஃபமைடு ஐந்து டோஸ். பெண் பிள்ளை ஆயிற்றே, பின்னாளில் குழந்தை பிறக்குமா என்று கேட்டேன். மொத்த அளவு குறைவுதான், அந்த அளவில் பயப்பட வேண்டாம் என்று விளக்கினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு ரிடுக்ஸிமாப் கொடுத்தார்கள். அப்புறம் இரண்டு வருஷம் மைக்கோஃபினோலேட் மாத்திரை. ஸ்டீராய்டு நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சோறு கேட்பாள், முகம் பூரித்துவிட்டது. அதெல்லாம் இறங்கிவிடும், பயப்படாதீர்கள்.

எட்டாவது மாதம் ஒரு சளிக்காய்ச்சல், அதோடு மறுபடி தட்டணு இறங்கியது. முந்தின மாதமே ஆன்டிபாடி ஏறிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் தூரம் என்று ஒரு விசிட்டைத் தள்ளிப்போட்டோம். அந்த ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் தம்பி.

விரியன்காடு:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் மாமாவைக் கண்ணாடிவிரியன் கடித்து, விஷமுறிவு மருந்து போட்ட பிறகும் இதே போல சிவப்பணு உடைந்து, தட்டணு இறங்கி, டயாலிசிஸ் ஆனது. அதுவும் இந்த நோய்தானா?

பிஞ்சுக்கிட்னி:
படம் ஒன்றுதான், காரணம் வேறு. நுண்குழாய்ச் சுவர் புண்ணாகி உறையும் நிலைக்குப் பொதுப்பெயர் டிஎம்ஏ. விரியன் விஷமும் அதைச் செய்யும், வயிற்றுப்போக்கோடு வரும் ஒரு வகை ஈ-கோலை நச்சும் செய்யும், அடாம்ட்ஸ்-13 என்ற நொதி 10 சதவீதத்துக்குக் கீழே போனாலும் வரும், பி12 கையாளும் பிறவிக் கோளாறு கைக்குழந்தைகளிடம் செய்யும். பாம்புக்கடியில் பெரும்பாலும் விஷமுறிவும் டயாலிசிஸும்தான் வைத்தியம், பலர் தேறிவிடுவார்கள். பிளாஸ்மா மாற்று அதில் உதவுகிறதா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

இதனால்தான் பிளாஸ்மா ஏற்றும் முன் ரத்தம் எடுத்து வைப்பது அவ்வளவு முக்கியம். ஒரு பை பிளாஸ்மா உள்ளே போய்விட்டால் அடாம்ட்ஸ்-13, சி3, ஆன்டிபாடி மூன்றுமே யாரோ கொடையாளியின் ரத்தத்தோடு கலந்து குழம்பிவிடும். சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்களிடம் அந்த டெஸ்ட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு சாதாரணக் குழாயிலும் ஒரு சிட்ரேட் குழாயிலும் ரத்தம் எடுத்து, சீரத்தையும் பிளாஸ்மாவையும் பிரித்து உறைய வைத்து நோயாளியோடு அனுப்புங்கள். அப்புறம் தட்டணு குறைவு என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றாதீர்கள். ரத்தம் கசிந்தாலோ குழாய் போட வேண்டியிருந்தாலோ மட்டும் யோசிக்கலாம்.

இன்னொன்று. சி3 நார்மல், அதனால் காம்ப்ளிமென்ட் நோய் இல்லை என்று எழுதிய சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஏடிபிகல் ஹெச்யுஎஸ்ஸில் நிறையப் பேருக்கு சி3 நார்மலாகவே இருக்கும்.

பொள்ளாச்சி மழை:
எனக்கு நேர்மாறான சிக்கல், சி3 ஏழு வருஷமாகக் கீழேயேதான். இழை திசை மாறினால் சொல்லுங்கள், ஆனால் காம்ப்ளிமென்ட் பற்றித் தமிழில் பேசுகிற இடம் வேறு கிடைக்கவில்லை.

27 வயதில் கால் வீக்கம், நுரை நுரையாகச் சிறுநீர். சி3 28 இருந்தது, 90 இருக்க வேண்டியது. கிட்னித் திசுவை எடுத்துப் பார்த்து (பயாப்ஸி), தொண்டைக் கிருமிக்குப் பின்னால் வருகிற கிட்னி அழற்சி, நெஃப்ரைடிஸ், தானாகச் சரியாகும் என்று அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பி இரண்டு வருஷம் பார்க்கவே இல்லை. இரண்டாவது பயாப்ஸியில்தான் சி3 குளோமெருலோபதி என்று பெயர் வந்தது. இன்று கிரியேட்டினின் 1.7, ஒருநாள் புரதம் 3.2 கிராம். டெல்மிசார்டான், மைக்கோஃபினோலேட், கொஞ்சம் ஸ்டீராய்டு. புது மருந்து வந்திருக்கிறது என்கிறார்கள், உண்மையா? இதில் என்ன வகை என்று எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்தான் தெரியுமாம், எனக்கு அதற்குத் திசு எடுத்து வைக்கவே இல்லை.

பிஞ்சுக்கிட்னி:
திசை மாறவில்லை, ஒரே குடும்பம்தான். உங்களிடம் அந்தப் பால் ரத்தத்திலேயே ஓயாமல் பொங்கி, அந்த எச்சம் கிட்னியின் வடிகட்டியில் படிகிறது. கிருமிக்குப் பின் வரும் நெஃப்ரைடிஸில் சி3 ஆறு முதல் எட்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும், மூன்று மாதம் தாண்டியும் கீழே இருந்தால் கட்டாயம் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு ரத்தப் பரிசோதனையை மூன்றாவது மாதம் யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு இரண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும். படிக்கும்போது மனசு கனத்துவிட்டது.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் விஷயம்: பழைய பயாப்ஸியின் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி லேபில் இருக்கும். அதிலிருந்து திசுவை மீட்டு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியும், புதிதாக எடுத்த அளவு தெளிவு இருக்காது, ஆனால் சவ்வுக்குள் ரிப்பன் மாதிரி அடர்த்தியாகப் படிந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். இருந்தால் டென்ஸ் டெபாசிட் நோய். அதே கட்டியில் நொதி போட்டு, படிந்த புரதங்களை ஒளிர வைத்துப் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் டெஸ்டையும் திரும்பச் செய்யலாம், சில பேருக்கு மறைந்திருந்த ஆன்டிபாடிப் படிவு அப்போது வெளியே வரும், நோயின் பெயரே மாறும். கண் டாக்டரிடம் விழித்திரையையும் காட்டுங்கள், அந்த நோயில் அங்கேயும் மஞ்சள் புள்ளிகள் படியும்.

புது மருந்து உண்மைதான். இப்டகோபான், 200 மில்லிகிராம் கேப்ஸ்யூல், நாளுக்கு இரண்டு. ஃபேக்டர் பி என்ற புரதத்தைத் தடுப்பது. 2025 மார்ச்சில் அமெரிக்கா இந்த நோய்க்கு அனுமதி கொடுத்தது, இதற்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து. டம்மி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் ஆறு மாதத்தில் சிறுநீர்ப் புரதம் 35 சதவீதம் குறைந்தது. அதே வருஷம் ஜூலையில் பெக்செட்டகோபிளானுக்கும் அனுமதி, தோலடி ஊசி, வாரம் இரண்டு முறை, 12 வயது முதல், அதில் 68 சதவீதம். இரண்டும் வேறு வேறு ஆய்வு, ஆட்களும் வேறு, எண்ணை மட்டும் வைத்து எது பெரிது என்று முடிவு செய்யக்கூடாது. என் சொந்த அபிப்பிராயம்: 3.2 கிராம் புரதம், 34 வயது, கிரியேட்டினின் இன்னும் 1.7 என்றால் மருந்து எந்த வழியில் கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டிய ஆள் நீங்கள்தான். கம்பெனிகளின் நோயாளி உதவித் திட்டம் ஏதாவது உண்டா என்று உங்கள் டாக்டர் மூலமாக எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன்னாலேயே மெனிஞ்சோகாக்கல், நியூமோகாக்கல் ஊசிகளைப் போட்டு வையுங்கள்.

தேம்ஸ்கரை:
அந்த ஊசி விஷயத்தை நானும் அழுத்திச் சொல்கிறேன். காம்ப்ளிமென்டை அடைத்துவிட்டால் மூளைக்காய்ச்சல் தருகிற மெனிஞ்சோகாக்கஸ் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. ஊசி போட்டும் நான் தினமும் இரண்டு நேரம் பெனிசிலின் எடுக்கிறேன், இந்த மருந்து எடுக்கிறேன் என்று சொல்கிற ஒரு அட்டை பையில் எப்போதும் இருக்கும். காய்ச்சலும் தலையிடியும் வந்தால் விடியட்டும் என்று இருப்பதில்லை, அந்த அட்டையோடு நேரே ஆஸ்பத்திரி.

பொள்ளாச்சி மழை:
ரொம்ப நன்றி டாக்டர். மெழுகுக் கட்டி என்று ஒன்று இருக்கிறது என்பதே இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லவில்லை. லேபுக்கு போன் போட்டேன், இருக்கிறதாம். திங்கட்கிழமை போய் வாங்கப் போகிறேன்.

வைகைக்கரை:
டெல்லி ரிசல்ட் வந்துவிட்டது. ஆன்டிபாடி 4,800, பாசிட்டிவ். சி3 கொஞ்சம் குறைவு. அடாம்ட்ஸ்-13 நார்மல். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார், ரிப்போர்ட்டில் கெட்டது வந்ததற்கு ஒரு டாக்டர் சிரிப்பதை இப்போதுதான் பார்க்கிறேன், ஆனால் எனக்கும் புரிந்தது. ஸ்டீராய்டு ஆரம்பித்தாயிற்று, முதல் சைக்ளோபாஸ்ஃபமைடு நாளைக்கு. மைத்துனன் அந்தப் பக்கத்தை மூடிவிட்டான், வந்த பணத்தைத் திருப்பி அனுப்புகிறான்.

பெண் குழந்தையைப் பற்றி மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை. ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பிஞ்சுக்கிட்னி:
விட்டுப்போனது என் தவறு சார். இந்த ஆன்டிபாடி வருகிற குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஃபேக்டர் ஹெச்சுக்கு அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஜீன்கள், சிஎஃப்ஹெச்ஆர்1, சிஎஃப்ஹெச்ஆர்3, அப்பா வழியிலும் அம்மா வழியிலும் விடுபட்டிருக்கும். தங்கைக்கும் அது இருக்கலாம். ஆனால் நோயே வராத எத்தனையோ பேருக்கும் அது இருக்கிறது, எங்கள் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு வந்து தங்கைக்கும் வந்ததை நான் பார்த்தது இல்லை. அவளுக்கு இப்போது எந்த டெஸ்டும் வேண்டாம். வெளிறிப்போனாலோ சிறுநீர் நிறம் மாறினாலோ அன்றைக்கே ரத்தம் பாருங்கள், அது போதும். பையனுக்கு ஜீன் டெஸ்ட் வேண்டுமா என்பதை டாக்டரம்மா முடிவு செய்யட்டும், சிலருக்கு ஆன்டிபாடியோடு ஜீன் பிழையும் சேர்ந்திருக்கும், பிளாஸ்மாவை நிறுத்தும்போது தடுமாறினால் கட்டாயம் பார்ப்பார்கள்.

ஆன்டிபாடி அளவை மறுபடி எப்போது எடுக்க வேண்டும் என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு வருஷம்தான் திரும்பி வருகிற காலம்.

தாளடி:
வீட்டில் பிரஷர் மெஷின் ஒன்று, சிறுநீரில் புரதம் பார்க்கிற ஸ்ட்ரிப் ஒரு டப்பா, ஒரு நோட்டு. காலையில் முதல் சிறுநீரைப் பார்த்து எழுதிவிடுங்கள் தம்பி. மைக்கோஃபினோலேட் நடக்கும்போது உயிருள்ள கிருமி வைத்த தடுப்பூசி போடக்கூடாது, பள்ளிக்கூடத்தில் முகாம் வைத்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வைகைக்கரை:
நோட்டு வாங்கிவிட்டேன் அக்கா. இன்று முதல் பக்கம்: பிரஷர் 112/74, தட்டணுக்கள் 1,86,000, கிரியேட்டினின் 1.2, சிறுநீர் 1,100 மில்லி. நிறம் என்ன எழுதுவது என்று கேட்டேன், அவன் அம்மா அளவு ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். தெளிவு என்று எழுதியிருக்கிறேன்.